ஏரிக்கரையில் கூடிப் பேச அனுமதி இல்லை: 19-வது பிரிவின் எல்லையை யார் போடுவது?

குகைவாசி (இழை தொடங்கியவர்)

சேலத்தில் எங்கள் பகுதி ஏரியில் மூன்று பக்கமும் சாக்கடை கலக்கிறது. தெருக்காரர்கள் ஐம்பது அறுபது பேர் சேர்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கரையோரத் திடலில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசலாம் என்று முடிவு செய்தோம். மேடை இல்லை. மைக்கும் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். பத்து நாள் முன்பே காவல்துறையிடம் முறையாக மனு கொடுத்தோம். கூட்டத்துக்கு முதல் நாள் இரவு பதில் வந்தது: "சட்டம் ஒழுங்குப் பிரச்சினை ஏற்பட வாய்ப்புள்ளதால் அனுமதி மறுக்கப்படுகிறது." அந்த ஒரு வரிதான். யாரால் பிரச்சினை, எதனால் பிரச்சினை என்று எதுவும் இல்லை.

கூட்டத்தை நடத்தவில்லை. வயதானவர்களும் பெண்களும் வருவதாக இருந்தது, அவர்களை வழக்கில் மாட்டிவிட மனம் வரவில்லை. ஒன்றுகூடும் உரிமை அரசியல் சாசனத்தில் இருக்கிறது, அதற்கு எல்லை உண்டு, இரண்டும் தெரியும். அந்த எல்லையை யார் போடுவது? இப்படி ஒரே வரியில் போட்டுவிட முடியுமா? சட்டம் தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

அஸ்தம்பட்டி வக்கீல்

குகைவாசி, அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவு ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைத் தருகிறது. அதன் 3-வது உட்பிரிவு எல்லையைச் சொல்கிறது: நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு, பொது ஒழுங்கு ஆகிய காரணங்களுக்காகச் சட்டத்தின் வழியாக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம். ஆக, காரணம் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும், அதற்கென ஒரு சட்டம் இருக்க வேண்டும், கட்டுப்பாடும் அளவோடு இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் நிற்காது. நியாயம் என்று காட்ட வேண்டிய பொறுப்பு கட்டுப்படுத்துகிறவருடையது. "எனக்கு ஏன் உரிமை வேண்டும்" என்று நீங்கள் வாதாட வேண்டியதில்லை.

உங்களுக்கு வந்த பதிலில் இருப்பது சட்டம் ஒழுங்கு. சாசனம் கேட்பது பொது ஒழுங்கு. 1965-இல் ராம் மனோகர் லோகியா வழக்கில் நீதிபதி ஹிதாயத்துல்லா இதை மூன்று வட்டங்களாக விளக்கினார். வெளிவட்டம் சட்டம் ஒழுங்கு, அதற்குள் பொது ஒழுங்கு, நடுவில் நாட்டின் பாதுகாப்பு. டீக்கடையில் இரண்டு பேர் அடித்துக்கொண்டால் வெளிவட்டத்தோடு முடிந்துவிடும். ஊர் மக்களின் அன்றாட வாழ்க்கையே குலைந்தால்தான் உள்வட்டம் தொடப்படுகிறது. ஐம்பது பேர் உட்கார்ந்து பேசுவது எந்த வகையில் உள்வட்டத்தைத் தொடும் என்று அந்த ஒரு வரி சொல்லவே இல்லை.

இன்னொன்று. மொஹிந்தர் சிங் கில் வழக்கில் (1978) உச்ச நீதிமன்றம் சொன்னது: ஓர் உத்தரவு அதில் எழுதியிருக்கும் காரணத்தை வைத்தே நிற்க வேண்டும், பிறகு நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் போட்டுப் புதுக் காரணம் சேர்க்க முடியாது. அதனால் அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

செவ்வாய்ப்பேட்டை மளிகை

எல்லாரும் உரிமை உரிமை என்றே பேசுகிறீர்கள், கடைக்காரன் பக்கத்தையும் கேளுங்கள். எங்கள் தெருவில் லாரி வந்து மூட்டை இறக்கினால்தான் அன்றைய வியாபாரம். மறியல் என்று உட்கார்ந்துவிட்டால் லாரி வெளியிலேயே நிற்கும், கூலியாட்களுக்கு அன்றைக்குச் சம்பளம் கிடையாது. தொழில் செய்யும் உரிமையும் அதே 19-இல்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு ஸ்பீக்கர். என் அம்மாவுக்கு இதய நோய். ராத்திரி பதினொரு மணிக்கு ஜன்னல் அதிர்கிறது. காவல்துறை கொஞ்சம் கெடுபிடி காட்டுவதில் தப்பில்லை என்றுதான் நான் சொல்வேன்.

அயோத்தியாப்பட்டணம் டீச்சர்

மளிகை தம்பி, உங்கள் அம்மாவின் தூக்கமும் உரிமைதான். அதில் எனக்கு உங்களோடு சண்டையே இல்லை. ஆனால் குகைவாசி கேட்டது திடலில் உட்கார. ரோட்டில் இல்லை, மைக்கும் இல்லை. யாரோ செய்த மறியலுக்காக இவர்களை ஏன் தடுக்க வேண்டும்?

அஸ்தம்பட்டி வக்கீல்

மளிகை அண்ணாச்சி சொல்வதற்குச் சட்டத்தில் ஆதாரம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2020 அக்டோபரில் டெல்லி ஷாகீன் பாக் சாலைப் போராட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம், பொதுப் பாதையைக் காலவரையின்றி அடைத்துப் போராட முடியாது என்றது. ஒலிபெருக்கி விஷயத்தில் 2000-ஆம் ஆண்டு சென்னையிலிருந்து போன வழக்கொன்று உண்டு. ஒரு தேவாலயத்தின் ஒலிபெருக்கிகள் பற்றியது. அடுத்தவர் அமைதியைக் கெடுத்து வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று தீர்ப்பு வந்தது. கோயில், மசூதி, கட்சி மேடை எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது, பண்டிகைக்கு அரசு ஆண்டில் சில நாள் மட்டும் தளர்த்தலாம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஆஸ்பத்திரி, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி.

இந்த எல்லைகளெல்லாம் ஏன் செல்லும்? எந்த இடம், எந்த நேரம், எவ்வளவு சத்தம் என்று அளந்து சொல்கின்றன. எல்லாருக்கும் ஒரே அளவு. அகமதாபாத் ஹிம்மத்லால் ஷா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பொதுத் தெருவில் கூட்டம் நடத்துவதைக் காவல்துறை ஒழுங்குபடுத்தலாம், ஆனால் காரணமே சொல்லாமல் மறுக்கும் அதிகாரத்தைக் கையில் கொடுக்க முடியாது என்று அந்த விதியை ரத்து செய்தது.

ஓய்வுபெற்ற எஸ்.ஐ.

முப்பது வருஷம் காக்கி போட்டவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. மனு வந்தவுடன் எங்களுக்கு முதலில் தோன்றுவது, நாளைக்கு ஏதாவது ஆனால் யாரைக் கேட்பார்கள் என்பதுதான். 2025 செப்டம்பர் 27-இல் கரூரில் கட்சிக் கூட்ட நெரிசலில் 41 பேர் செத்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. அதற்கப்புறம் எந்த ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பவனும் கையெழுத்துப் போட யோசிப்பான். அறுபது பேர் என்று எழுதிக் கொடுப்பார்கள், வாட்ஸ்அப்பில் செய்தி போனால் ஆறாயிரம் பேர் வருவார்கள். பந்தோபஸ்துக்கு ஆள் எங்கே?

அப்புறம், உரிமையின் எல்லை என்னவென்று போலீஸ்காரனைவிட வேறு யாருக்கும் நன்றாகத் தெரியாது. சங்கம் வைக்க எங்களால் முடியாது. சாசனத்தின் 33-வது பிரிவும், அதன்படி 1966-இல் வந்த சட்டமும் எங்கள் உரிமையைச் சுருக்கிவிட்டன. லீவு கிடைக்கவில்லை என்று பத்திரிகைக்குப் பேட்டி கொடுக்கக்கூட முடியாது. அந்தக் கட்டுப்பாடு வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆயுதம் ஏந்துகிறவன் கட்சி கட்டக் கூடாது. ஆனால் அதன் பாரம் எங்கள் குடும்பங்களுக்குத் தெரியும்.

அஸ்தம்பட்டி வக்கீல்

ஐயா, கரூர் பற்றி நீங்கள் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். ஆயிரக்கணக்கில் கூடும் இடத்தில் வழி, தண்ணீர், ஆம்புலன்ஸ், எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை போடுவது நியாயமான கட்டுப்பாடுதான். போடாமல் விட்டால் அதுவே தவறு. ஆனால் ஆள் பற்றாக்குறை என்பது மறுப்பதற்குக் காரணமாகாது. 1989-இல் ரங்கராஜன் வழக்கு, இட ஒதுக்கீட்டை விமர்சித்த ஒரு தமிழ்ப் படம் பற்றியது, நம் மாநிலத்திலிருந்து போனது. படம் ஓடினால் கலவரம் வரும் என்றது அரசு. மிரட்டலுக்குப் பயந்து பேச்சை அடக்கினால் அது சட்டத்தின் ஆட்சியையே கைவிடுவது, எதிர்ப்பவர்களைச் சமாளிக்க முடியவில்லை என்று அரசு சொல்ல முடியாது என்றது உச்ச நீதிமன்றம். ஆபத்து எங்கோ தூரத்தில் கற்பனையாக இருந்தால் போதாது, பேச்சோடு நேரடியாக ஒட்டியிருக்க வேண்டும்.

அயோத்தியாப்பட்டணம் டீச்சர்

வக்கீல் தம்பி இத்தனை ஊர் வழக்கைச் சொன்னார். நம் ஊர்க் கதையை நான் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு வரலாறு நடத்தின காலத்தில் பாடப் புத்தகத்தில் இது இருந்ததில்லை, நானே தேடிப் படித்துச் சொல்லிக் கொடுத்தேன்.

1950 பிப்ரவரி 11. குடியரசு பிறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஏற்காடு போகிறவர்கள் தினமும் தாண்டிப் போகிறோமே, அந்த அஸ்தம்பட்டி மத்திய சிறைக்குள் துப்பாக்கிச் சூடு. கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் செத்தார்கள். நிறையப் பேர் மலபாரிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். அதைக் கண்டித்து எழுதிய பத்திரிகைகளில் பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' வாரப் பத்திரிகையும் ஒன்று. மார்ச் மாதமே அந்தப் பத்திரிகை சென்னை மாகாணத்துக்குள் வரக்கூடாது என்று அரசு தடை போட்டது. 1949-ஆம் ஆண்டின் சென்னைப் பொது ஒழுங்குப் பராமரிப்புச் சட்டத்தின்படி. ஆசிரியர் ரமேஷ் தாப்பர் நேராக உச்ச நீதிமன்றம் போனார். மே 26-இல் தீர்ப்பு. எழுதியவர் நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி, நம் மாகாணத்து மனிதர். பேச்சுரிமைக்கு அன்று சாசனத்தில் இருந்த எல்லை, அவதூறு போன்ற சில தவிர, நாட்டின் பாதுகாப்பு மட்டும்தான். பொது ஒழுங்கு என்ற பெயரில் பத்திரிகையைத் தடுக்கச் சாசனம் இடம் தரவில்லை என்று தடையை ரத்து செய்தார்கள்.

அத்தோடு முடியவில்லை. 1951 ஜூனில் முதல் சாசனத் திருத்தம். அரசு கேட்ட 'பொது ஒழுங்கு', பேச்சுரிமைக்கு எல்லை சொல்லும் 19(2)-க்குள் வந்தது. குற்றம் செய்யத் தூண்டுதல், அயல்நாடுகளோடு நட்புறவு என்பவையும் வந்தன. ஆனால் கூடவே கட்டுப்பாடு 'நியாயமானதாக' இருக்க வேண்டும் என்பதும் சேர்ந்தது. அதற்கு முன் பேச்சுரிமைக்கான உட்பிரிவில் அந்த நிபந்தனையே கிடையாது. எல்லையை விரிக்கவும் செய்தார்கள், அதை நீதிமன்றம் அளந்து பார்க்கவும் வழி வைத்தார்கள்.

அளவுகோலும் நம் மாகாண வழக்கில்தான் வந்தது. 1952, வி.ஜி. ராவ் வழக்கு. ஒரு கல்விச் சங்கத்தைச் சட்டவிரோதம் என்று அறிவித்திருந்தார்கள். எந்த உரிமை பறிபோகிறது, எந்த நோக்கத்துக்காக, தடுக்க நினைக்கும் தீங்கு எவ்வளவு பெரிது, எவ்வளவு அவசரம், கட்டுப்பாடு அதற்கு மிஞ்சிப் போகிறதா, அன்றைய நிலைமை என்ன என்று இவ்வளவையும் பார்க்க வேண்டும் என்றார் அதே பதஞ்சலி சாஸ்திரி, அப்போது தலைமை நீதிபதி. இன்றைக்கும் எல்லா நீதிமன்றமும் அந்த வரிகளைத்தான் எடுத்துப் போடுகிறது. சேலத்துச் சிறையில் செத்தவர்கள் எந்தக் கட்சி என்பது எனக்கு முக்கியமில்லை. அவர்களைப் பற்றி எழுதக் கூடாது என்று போட்ட தடைதான் இந்தியா முழுவதற்கும் பேச்சுரிமைச் சட்டத்தை எழுத வைத்தது. இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருப்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

அம்மாபேட்டை தறிக்காரர்

டீச்சர், வணக்கம். தினமும் அந்தச் சிறை வழியாகத்தான் நூல் எடுக்கப் போகிறேன். இன்றைக்குத்தான் இது தெரிந்தது.

1950 பழைய கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2017 ஜூலையில் இதே சேலத்தில், பெரியார் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்த ஒரு பெண் பிள்ளை, எண்ணெய், எரிவாயு எடுப்பதை எதிர்த்த நெடுவாசல், கதிராமங்கலம் போராட்டங்களுக்கு ஆதரவாகத் துண்டறிக்கை கொடுத்ததற்காகப் பிடிக்கப்பட்டார். அப்புறம் குண்டர் சட்டம் போட்டார்கள். செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ரத்து ஆனது சரி, உள்ளே கழித்த வாரங்களை யார் திருப்பிக் கொடுப்பது? அடுத்த ஆண்டு சென்னை-சேலம் எட்டு வழிச் சாலை எதிர்ப்பு. நிலத்தைப் பறிகொடுக்கப் போகிறவர்கள் கூடிப் பேசினாலே கைது என்ற நிலை இருந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிப்பை ரத்து செய்ததும், 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியதும் தனிக் கதை. சாலை வேண்டுமா வேண்டாமா என்பதை விடுங்கள். தன் நிலத்தைப் பற்றிப் பேச ஒருவன் பயப்பட வேண்டுமா?

நெசவாளிகள் நாங்கள் சங்கத்தால் பிழைத்தவர்கள். சாசனத்தின் 97-வது திருத்தம் வந்ததிலிருந்து கூட்டுறவுச் சங்கம் அமைப்பதும் அடிப்படை உரிமை. அது தெரிந்த நாளிலிருந்து எங்கள் சங்கப் பொதுக்குழுவில் கேள்வி கேட்கும் ஆட்கள் கூடியிருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற எஸ்.ஐ.

தறிக்காரரே, அந்த வழக்கைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. ஆனால் குண்டர் சட்டமே வேண்டாம் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஜாமீனில் வந்த அன்றைக்கே சாட்சி வீட்டு வாசலில் போய் நிற்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சாட்சிக்கு உயிர் வாழும் உரிமை இல்லையா?

அஸ்தம்பட்டி வக்கீல்

இருக்கிறது ஐயா. அதனால்தான் குற்றம் நடக்காமல் தடுக்க முன்கூட்டியே அடைத்துவைக்கும் தடுப்புக் காவலைச் சாசனமே 22-வது பிரிவில் அனுமதிக்கிறது. ஆனால் வேலி போட்டு அனுமதிக்கிறது: எதற்காகப் பிடித்தோம் என்ற காரணங்களைச் சீக்கிரம் தெரிவிக்க வேண்டும், அதை எதிர்த்து மனு கொடுக்க வாய்ப்புத் தர வேண்டும், மூன்று மாதத்துக்கு மேல் வைக்க வேண்டுமானால் ஆலோசனைக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். குண்டர் சட்டம் என்கிற நம் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதிகபட்சம் 12 மாதம், ஆணையரோ ஆட்சியரோ போட்ட உத்தரவை 12 நாளுக்குள் அரசு உறுதி செய்யாவிட்டால் அது காலாவதி. 44-வது திருத்தம் 1978-இல் அந்த மூன்று மாதத்தை இரண்டாகக் குறைத்தது. அந்தப் பகுதி மட்டும் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. நெருக்கடி நிலையில், அடைக்கப்பட்டவர் நீதிமன்றத்துக்கே போக முடியாது என்று சொன்ன ஜபல்பூர் வழக்கை அனுபவித்தபிறகு நாடாளுமன்றமே எழுதிய பாதுகாப்பு அது. கிடப்பில் கிடப்பது எனக்கு ஆறாத கோபம்.

ரேகா வழக்கில் (2011), நம் மாநிலத்துக்கு எதிரானதுதான், சாதாரணக் குற்றச் சட்டமே போதும் என்ற இடத்தில் தடுப்புக் காவல் சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டார்கள். சாட்சியை மிரட்டினால் ஜாமீனை ரத்து செய்யலாம். துண்டறிக்கைக்கு அதுவும் தேவையில்லை.

நாகலூர் மகள்

நான் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் இருந்து எழுதுகிறேன். மலையாளி என்ற பழங்குடி, கேரளத்தவர் இல்லை. உங்கள் விவாதத்தில் நடமாடும் உரிமை வரவில்லை, எங்களுக்கு அதுதான் பெரிது.

மே மாதம் கோடை விழா நாட்களில் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி நகராது. பிரசவ வலியோடு ஒருத்தியைக் கீழே கொண்டுபோக வேண்டுமென்றால் நாங்கள் படும் பாடு சொல்லி முடியாது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் உயர் நீதிமன்றம் இ-பாஸ், அதாவது வண்டிக்கு இணையத்தில் வாங்கும் அனுமதிச் சீட்டு, கொண்டுவந்தது. எங்கள் மலைக்கும் வேண்டும் என்று சொன்னால், இந்தியக் குடிமகன் எங்கே வேண்டுமானாலும் போகலாம், தடுக்க நீ யார் என்கிறார்கள். வக்கீல் அண்ணா, அவர்கள் சொல்வது சரியா?

அஸ்தம்பட்டி வக்கீல்

பாதிதான் சரி, தங்கை. நாடெங்கும் சென்றுவரும் உரிமை, எங்கும் குடியேறும் உரிமை இரண்டும் 19-இல் உண்டு. ஆனால் 5-வது உட்பிரிவைப் படித்துப் பாருங்கள். பொதுமக்கள் நலனுக்காகவும், பழங்குடியினர் நலனைக் காக்கவும் நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்று பழங்குடியினரைத் தனியாகக் குறிப்பிட்டே எழுதியிருக்கிறார்கள். உரிமைக்கு எல்லை போடும் இடத்தில் எழுத்தறியாத ஒரு மலைவாசியை நினைத்து எழுதிய வரி அது. பழங்குடியினருக்கென்று சாசனம் தனிப் பாதுகாப்புத் தரும் ஐந்தாம் அட்டவணைப் பகுதி தமிழ்நாட்டில் எதுவும் அறிவிக்கப்படவில்லை. அதனால் இந்த வரி உங்களுக்கு இன்னும் முக்கியம்.

ஊட்டி, கொடைக்கானல் விஷயத்தில் எத்தனை வண்டியை மலை தாங்கும் என்று ஆய்வு செய்யச் சென்னை ஐ.ஐ.டி.யையும் பெங்களூர் ஐ.ஐ.எம்.மையும் நீதிமன்றம் கேட்டது. உள்ளூர்க்காரர்களுக்கு விலக்கு உண்டு. 2025 ஏப்ரல் முதல் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வாரக் கடைசியில் 8,000 என்று வரம்பு போட்டார்கள். டீச்சர் சொன்ன வி.ஜி. ராவ் அளவுகோலை வைத்துப் பாருங்கள்: தீங்கு கண்ணுக்குத் தெரிகிறது, நடந்தோ பஸ்ஸிலோ போகிறவரைத் தடுக்கவில்லை, வண்டியின் எண்ணிக்கையைத்தான் கட்டுப்படுத்துகிறது.

செவ்வாய்ப்பேட்டை மளிகை

என் சரக்கு வாரம் இரண்டு தடவை ஏற்காடு போகிறது. பாஸ் வந்தால் சரக்கு வண்டிக்கு என்ன வழி என்று முன்னாடியே சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லிவிட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பாப்பா, அந்த நெரிசலில் நானும் நின்றிருக்கிறேன், நீ சொல்வது உண்மை.

நாகலூர் மகள்

நன்றிங்க மாமா. ஆனால் ஒரு கவலையும் இருக்கிறது. பாஸ் என்று வந்தால் ஒவ்வொரு தடவையும் நாங்கள் உள்ளூர் என்று அட்டை காட்டி நிரூபிக்க வேண்டிவருமா? என் பாட்டிக்கு ஆதாரில் ஊர்ப் பெயரே தப்பாக இருக்கிறது. எங்களைக் காக்க வந்த கட்டுப்பாடு எங்களையே செக்போஸ்டில் நிறுத்தக் கூடாது. வரையும்போதே எங்கள் கிராம சபையைக் கேட்டு வரைய வேண்டும்.

அயோத்தியாப்பட்டணம் டீச்சர்

கண்ணு, இந்த இழையிலேயே உருப்படியான கேள்வி இதுதான். அதை அப்படியே எழுதி கிராம சபையில் தீர்மானமாகப் போடுங்கள்.

குகைவாசி

எல்லாருக்கும் நன்றி. தெருவில் பேசினோம். மறுபடி மனு கொடுப்பது என்று முடிவு. இந்தத் தடவையும் ஒற்றை வரியில் மறுத்தால்? 163 தடை உத்தரவு போட்டிருக்கிறது என்று வாய்மொழியாகச் சொன்னால்?

அஸ்தம்பட்டி வக்கீல்

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் கூட்டம் கூடத் தடை போட்ட 144-தான் 2024 ஜூலையிலிருந்து பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 163. அந்த உத்தரவு எழுத்தில், காரணத்தோடு இருக்க வேண்டும், சாதாரணமாக இரண்டு மாதத்துக்கு மேல் ஓடாது. அனுராதா பாசின் வழக்கில் (2020) இப்படிப்பட்ட உத்தரவுகளை வெளியிட்டே ஆக வேண்டும், நியாயமான கருத்தை அடக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் நகல் கேளுங்கள். வாயால் சொன்னது உத்தரவாகாது. எழுத்தில் மறுத்தால் சாசனத்தின் 226-வது பிரிவின் கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம், நம் மாவட்டம் மதுரைக் கிளைக்கு வராது. கூட்டத் தேதிக்கு நாள் விட்டு மனு கொடுங்கள். கடைசி நாளில் மறுத்தால் வழக்குப் போடவே நேரம் இருக்காது.

ஓய்வுபெற்ற எஸ்.ஐ.

தம்பி, மனு எப்படி எழுத வேண்டும் என்று நான் சொல்கிறேன், மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்தவன். எத்தனை பேர், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, திடலுக்கு எந்த வழியாக உள்ளே, எந்த வழியாக வெளியே, வண்டி எங்கே நிற்கும், பொறுப்பாளர்கள் ஐந்து பேர் பெயரும் செல் நம்பரும். ஒலிபெருக்கி இல்லை என்பதைத் தனி வரியாகப் போடுங்கள். இந்த இடம் முடியாதென்றால் மாற்று இடம் எது, மாற்றுத் தேதி எது என்று நீங்களே இரண்டு எழுதிவிடுங்கள். அப்போது மறுக்கிறவர் மூன்றுக்கும் தனித்தனியாகக் காரணம் எழுத வேண்டிவரும். ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்குங்கள், நகலை ஆணையர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். எழுதி முடித்ததும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.